தமிழில் தீவுக் கட்டுப்பாடுகளைச் சோதிப்பது எப்படி: பர்மாத் தமிழ் மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மொழியியலில் 'தீவு' என்பது வாக்கியத்துக்குள் இருக்கும் ஒருவகைப் பகுதியின் பெயர். அந்தப் பகுதிக்குள் இருக்கும் ஒரு சொல்லை வெளியே எடுத்து வாக்கியத்தின் தொடக்கத்திலோ வேறோர் இடத்திலோ வைத்தால் வாக்கியம் கெட்டுவிடும். இந்தப் பெயரை வைத்தவர் ஜான் ராபர்ட் ராஸ். 1967இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் அவர் அளித்த முனைவர் பட்ட ஆய்வேடு, ஒரு பெயரைத் தழுவி வரும் வாக்கியம், எழுவாயாக வரும் வாக்கியம், 'உம்' போன்ற சொல்லால் இணைந்த தொடர் எனப் பல தீவுகளை வகைப்படுத்தியது. அதற்குப் பின் நெடுங்காலம், ஆய்வாளர் தம் காதுக்கு ஒரு வாக்கியம் எப்படிப் படுகிறது என்பதையும், பக்கத்து அறை நண்பரின் தலையசைப்பையும் வைத்தே இந்த ஆய்வு நடந்தது. பலரிடம் வாக்கியங்களைக் கொடுத்து, எண்ணால் மதிப்பிடச் சொல்லி, புள்ளியியலால் அலசும் முறைக்கு கார்சன் ஷூட்ஸே 1996இலும் வேய்ன் கவர்ட் 1997இலும் எழுதிய நூல்கள் அடித்தளம் இட்டன. தீவுகளுக்கு அது முழுமையாக வந்து சேர்ந்தது 2000க்குப் பிறகுதான்.

யாங்கோனிலோ தட்டோனிலோ மோல்மேனிலோ இருந்துகொண்டு, வீட்டில் தமிழும் வெளியில் பர்மியமும் பேசி, ஒரு சிறிய சோதனையைத் தாமே நடத்திப் பார்க்க விரும்பும் மாணவர்களுக்காக இந்தக் கட்டுரை எழுதப்படுகிறது. இதற்கு ஆய்வுக்கூடம் தேவையில்லை. ஒரு கைப்பேசி, அச்சிட்ட விடைத்தாள்கள், பிறகு கணக்குப் போட ஒரு கணினி ஆகியவை போதும். தேவைப்படுவது வாக்கியம் அமைப்பதில் பொறுமை. வேலையின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது.

முதல் படி: தமிழில் எது தீவாக இருக்கக்கூடும் என்று பாருங்கள்

பாடநூல்களில் உள்ள எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் ஆங்கிலக் கேள்விகள். ஆங்கிலம் கேள்விச் சொல்லை வாக்கியத்தின் முதலுக்குக் கொண்டுவரும் மொழி. ஆகவே அங்கே தீவைக் கேள்வியில் பார்ப்பது எளிது. தமிழில் கேள்விச் சொல் இருந்த இடத்திலேயே இருக்கலாம். 'நீ யார் எழுதிய கடிதத்தைப் படித்தாய்?' என்று நாம் தயக்கமின்றிக் கேட்கிறோம். இதே கேள்வியை ஆங்கில முறைப்படி 'யார்' என்பதை வெளியே இழுத்துக் கேட்க ஆங்கிலம் இடம் தராது. பர்மியமும் இதில் நம் பக்கம்தான்: வினை கடைசியில் வரும், கேள்விச் சொல் தன் இடத்திலேயே நிற்கும், இறுதியில் 'லே' என்ற வினா இடைச்சொல் சேரும். ஆகவே ஆங்கில எடுத்துக்காட்டுகளைத் தமிழாக்கி மக்களிடம் கேட்பது வீண் வேலை. அவற்றில் இடப்பெயர்ச்சியே இல்லாதபோது தீவு தெரியாது.

ஆனாலும் 'யார்' என்பதற்குப் பதில் 'ஏன்' என்று போட்டுப் பாருங்கள்: 'நீ ஏன் எழுதிய கடிதத்தைப் படித்தாய்?' இங்கே 'ஏன்' என்பது 'எழுதிய' என்பதோடு ஒட்ட மறுத்து, 'படித்தாய்' என்பதற்குத் தாவிவிடுகிறது. கேட்பவர் கடிதம் படித்ததற்குக் காரணம் சொல்வாரே தவிர, எழுதியதற்கு அல்ல. சீன மொழியில் இதே வேறுபாட்டை ஜேம்ஸ் ஹுவாங் 1982இல் தம் ஆய்வேட்டில் விரிவாகக் காட்டினார். கேள்விச் சொல் அசையாத மொழியிலும் பொருளளவில் தீவு உண்டு என்ற வாதத்துக்கு அது வலுச் சேர்த்தது.

எதிர்த் திசையிலும் ஒரு வியப்பு இருக்கிறது. 'போட்டிருந்த சட்டை கிழிந்துபோன சிறுவன்' என்பது நல்ல தமிழ். சட்டையைப் போட்டிருந்தவன் சிறுவன். ஆக 'சிறுவன்' என்ற பெயர் ஒரு பெயரெச்சத் தொடருக்குள் இருக்கும் இன்னொரு பெயரெச்சத் தொடரோடு உறவு கொள்கிறது. பெயரைத் தழுவி வரும் வாக்கியத்துக்குள்ளிருந்து எதுவும் வெளியேற முடியாது என்ற ராஸின் கட்டுப்பாட்டை அப்படியே பொருத்தினால் இது வரவே கூடாது. ஜப்பானிய மொழியிலும் இத்தகைய வாக்கியங்கள் உண்டு என்று சுசுமு குனோ 1973இல் காட்டினார். இங்கே உண்மையில் இடப்பெயர்ச்சி நடக்கிறதா, அல்லது சொல்லாமல் விட்ட ஒரு 'அவன்' உள்ளே இருக்கிறதா என்பது நெடுநாள் விவாதம். தொடக்கத்திலேயே இதில் இறங்க வேண்டாம் என்பது என் கருத்து. தமிழில் இடப்பெயர்ச்சி கண்ணுக்குத் தெரியும் இடம் ஒன்று உண்டு: செயப்படுபொருளை முன்னே கொண்டுவருவது. அங்கிருந்து தொடங்குங்கள்.

இரண்டாம் படி: ஒரு வாக்கியம் போதாது, நான்கு வேண்டும்

புதியவர்கள் பலர் தீவு இருப்பதாக நினைக்கும் ஒரு வாக்கியத்தை மட்டும் பத்துப் பேரிடம் கேட்டு, எல்லாரும் முகம் சுளித்தால் 'தீவு இருக்கிறது' என்று எழுதிவிடுவார்கள். முகம் சுளிப்பதற்குக் காரணங்கள் பல. ஒரு சொல் தன் வினையிலிருந்து விலகி நிற்பதே நினைவுக்குச் சுமை. பெயரெச்சத் தொடரைத் தன்னுள் கொண்ட வாக்கியம் இயல்பாகவே சற்றுக் கனமானது. இவ்விரண்டு செலவும் சேர்ந்தாலே வாக்கியம் நெருடும். இவ்விரண்டையும் கழித்த பிறகும் எஞ்சி நிற்கும் வீழ்ச்சியைத்தான் தீவு விளைவு என்று சொல்ல முடியும். ஜான் ஸ்ப்ரவுஸ், மாட் வேகர்ஸ், காலின் பிலிப்ஸ் மூவரும் 2012இல் வெளியிட்ட ஆய்வு இந்தக் கழித்தல் முறையைத் தீவு ஆய்வில் பரவலாக்கியது. இரண்டு காரணிகள், ஒவ்வொன்றிலும் இரண்டு நிலைகள், ஆக நான்கு வாக்கியங்கள்.

தமிழுக்கு நான் பரிந்துரைக்கும் தொகுதி இது:

அ. மாலாவுக்கு அந்தப் பையன் பாம்பைப் பார்த்தான் என்று நன்றாகத் தெரியும்.
ஆ. பாம்பை மாலாவுக்கு அந்தப் பையன் பார்த்தான் என்று நன்றாகத் தெரியும்.
இ. மாலாவுக்குப் பாம்பைப் பார்த்த அந்தப் பையனை நன்றாகத் தெரியும்.
ஈ. பாம்பை மாலாவுக்குப் பார்த்த அந்தப் பையனை நன்றாகத் தெரியும்.

அ, ஆ இரண்டிலும் 'என்று' முடிக்கும் வாக்கியம் உள்ளே இருக்கிறது. இ, ஈ இரண்டிலும் பெயரெச்சத் தொடர் இருக்கிறது. அ, இ இரண்டிலும் 'பாம்பை' தன் வினைக்கு அருகில் இருக்கிறது. ஆ, ஈ இரண்டிலும் வாக்கியத்தின் முதலுக்கு வந்துவிட்டது. ஆ சற்று நெருடினாலும் பேச்சில் அப்படிச் சொல்லக் கேட்டிருப்போம். ஈ காதில் விழுந்ததும் ஏதோ தவறிவிட்டது என்று தோன்றும்.

இந்த நான்கையும் ஏன் இப்படி அமைக்க வேண்டும் என்பதைச் சற்று நின்று பார்ப்பது நல்லது. எளிதாகத் தோன்றும் மாற்று, 'மாலா பாம்பைப் பார்த்த பையனைத் திட்டினாள்' என்பது. இதில் 'பாம்பை' முன்னே வந்தால், 'பாம்பை மாலா பார்த்த பையனைத் திட்டினாள்' என்றாகும். கேட்பவர் 'பாம்பை மாலா பார்த்தாள்' என்று பாதி வழி போய்விட்டுப் பிறகு திரும்ப வேண்டியிருக்கும். அப்போது குறையும் மதிப்பெண் தீவினாலா, அந்தத் தவறான திருப்பத்தினாலா என்று பிரிக்கவே முடியாது. 'மாலாவுக்கு ... தெரியும்' என்று நான்காம் வேற்றுமையில் வைத்தால், மாலாவைப் 'பார்த்த' என்பதற்கு எழுவாயாகக் கொள்ள வழியில்லை. வினையைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் தேவை. 'பார்த்த' என்பதற்குப் பதில் 'வாங்கிய', 'கொடுத்த', 'கட்டிய', 'சமைத்த' என்று போட்டால், 'மாலாவுக்கு வாங்கிய' என்பது மாலாவுக்காக வாங்கியதாகப் பொருள் பட்டு, ஈ பிழைத்துக்கொள்ளும். ஆகவே உள்ளே இருக்கும் வினை, யாருக்காவது செய்யப்படுவதாகக் கொள்ள முடியாத வினையாக இருக்கட்டும்: பார்த்த, வெறுத்த போன்றவை. இரண்டாம் வேற்றுமை உருபை விட்டுவிடவும் கூடாது; 'பாம்பு பார்த்த பையன்' என்றால் பாம்புதான் பார்த்தது என்றாகிவிடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஆவில் 'பாம்பை' என்பது மாலாவையும் பையனையும் தாண்டி வந்திருக்கிறது. ஈயில் மாலாவை மட்டும்தான் தாண்டியிருக்கிறது. தாண்டிய தூரம் மட்டுமே காரணமானால் ஆதான் அதிகம் விழ வேண்டும். ஈ அதைவிட அதிகம் விழுந்தால், தூரத்தின் மேல் பழி போட முடியாது. இப்படித் தொகுதியின் ஒவ்வொரு குறைபாடும் உங்கள் முடிவுக்கு எதிராக வேலை செய்யும்படி அமைப்பது நல்ல பழக்கம்.

மூன்றாம் படி: தொகுதிகளைப் பெருக்குங்கள்

ஒரே தொகுதியை வைத்து முடிவு கட்டினால், அது பாம்பைப் பற்றிய முடிவாகவே இருக்கும். இதே சட்டகத்தில் வேறு வேறு பெயர்களும் வினைகளும் கொண்ட 16 தொகுதிகளாவது எழுதுங்கள். ஒருவர் ஒரு தொகுதியிலிருந்து ஒரே ஒரு வாக்கியத்தைத்தான் கேட்க வேண்டும். நான்கையும் கேட்டால் ஒப்பிடத் தொடங்கிவிடுவார். அதற்கு இலத்தீன் சதுர முறை இருக்கிறது. நான்கு பட்டியல்கள் தயாரியுங்கள்; முதல் பட்டியலில் 1ஆம் தொகுதியின் அ, 2ஆம் தொகுதியின் ஆ, 3ஆம் தொகுதியின் இ, 4ஆம் தொகுதியின் ஈ என்று சுழன்று போகும்; இரண்டாம் பட்டியல் ஆவில் தொடங்கும். இப்படிச் செய்தால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு வகையிலும் 4 வாக்கியங்களைக் கேட்பார். பங்கேற்பவர்களின் எண்ணிக்கை நான்கால் வகுபடுவதாக இருந்தால் பட்டியல்கள் சமமாக நிற்கும்.

இவற்றோடு, சோதனைக்குத் தொடர்பில்லாத இடைநிரப்பு வாக்கியங்களை இரட்டிப்பாகவாவது சேருங்கள். அவற்றுள் சில ஐயமின்றி நல்லவை, சில ஐயமின்றிக் கெட்டவை ('அந்தப் பையன் நேற்று வந்தாள்' போல), சில இரண்டுக்கும் நடுவில் உள்ளவை என்று இருக்கட்டும். நல்லதையும் கெட்டதையும் ஒரே எண்ணால் மதிப்பிடுபவர் கவனமின்றிச் செய்கிறார் என்பதை அவை காட்டிக்கொடுக்கும். அவ்வாறு யாரை விலக்குவது என்ற விதியைச் சோதனைக்கு முன்பே எழுதி வையுங்கள். விடைகளைப் பார்த்தபின் விதி செய்வது ஏமாற்று.

நான்காம் படி: காதுக்குக் கொடுங்கள், கண்ணுக்கு அல்ல

பர்மாவில் இந்தப் படிதான் மற்ற இடங்களைவிட வேறுபடும். 1960களில் தனியார் பள்ளிகள் அரசுடைமையான பிறகு, தமிழ் எழுத்துப் பயிற்சி பெரும்பாலும் கோயில்களையும் சங்கங்களையும் ஒட்டிய வகுப்புகளின் பொறுப்பாகிவிட்டது. சரளமாகத் தமிழ் பேசும் ஒருவர் தமிழ் எழுத்தைத் தடுமாறி வாசிக்கலாம். அவரிடம் அச்சிட்ட வாக்கியத்தைக் கொடுத்தால், நீங்கள் அளப்பது அவருடைய வாசிப்புத் திறனைத்தான். மேலும், மேலே நான் எழுதிய நான்கும் எழுத்து நடை. 'மாலாவுக்கு அந்தப் பையன் பாம்பப் பாத்தான்னு நல்லாத் தெரியும்' என்று வீட்டில் பேசும் நடையில் சொன்னால்தான், வாக்கியத்தின் நடை நெருடுகிறதா, அமைப்பு நெருடுகிறதா என்ற குழப்பம் நீங்கும்.

ஆகவே வாக்கியங்களை ஒரே குரலில், ஒரே வேகத்தில், இழுவையோ அழுத்தமோ இல்லாமல் பதிவு செய்யுங்கள். ஈயைப் படிக்கும்போது உங்களை அறியாமலே குரல் தயங்கும். 'பாம்பை' என்பதற்குப் பின் ஒரு நிறுத்தம் விழும். அந்தத் தயக்கமே கேட்பவருக்கு விடை சொல்லிக் கொடுத்துவிடும். நான்கு வகையையும் கலந்து, பல தடவை பழகிய பிறகு பதிவு செய்வது உதவும். சோதனையின் நோக்கம் தெரியாத ஒருவரைப் படிக்கச் செய்வது இன்னும் நல்லது. மின்சாரத்தையும் இணையத்தையும் நம்பியிருக்க முடியாத ஊர்களில், பதிவுகளைக் கைப்பேசியிலேயே வைத்து விடையைத் தாளில் குறிக்கச் செய்யுங்கள். இணையம் சீராக உள்ளவர்களுக்குப் பி.சி. ஐபெக்ஸ் போன்ற, சோதனையை இணையத்திலேயே நடத்த உதவும் இலவச மேடைகள் உண்டு.

விடைத்தாளில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஏழு கட்டங்கள் போதும். 1 என்றால் 'யாருமே இப்படிச் சொல்ல மாட்டார்கள்', 7 என்றால் 'நானே இப்படிச் சொல்வேன்'. தொடங்கும் முன் சில பயிற்சி வாக்கியங்களைக் கொடுத்து, ஏழு கட்டங்களையும் பயன்படுத்தலாம் என்று பழக்குங்கள். அறிவுரையில் 'சரி', 'தப்பு' என்ற சொற்களைத் தவிர்த்துவிடுங்கள். 'எங்க தமிழ் கொச்சைத் தமிழ், ஊர்த் தமிழ் மாதிரி வராது' என்று தயங்கும் பெரியவர்கள் நம்மிடையே நிறையப் பேர். அவர்களுக்கு இது தேர்வு போல் தோன்றினால், தம் காதை விட்டுவிட்டு, ஊரில் எப்படிச் சொல்வார்கள் என்று ஊகித்துக் குறிப்பார்கள். 'உங்க வீட்டுல பேசுற தமிழத்தான் நாங்க கேக்குறோம், இதுல தப்பான பதில்னு ஒண்ணும் இல்ல' என்று முதலிலேயே சொல்லிவிடுவது அவசியம்.

ஒவ்வொருவரிடமும் வயது, எந்த மொழியை யாரிடம் பேசுகிறார், தமிழை எப்போதிலிருந்து பேசுகிறார் என்பவற்றைக் கேட்டுக் குறியுங்கள். பெயர் வேண்டாம், விடைத்தாளில் ஓர் எண் போதும். ஒப்புதலைக் கையெழுத்தாகக் கேட்டால் பலர் பின்வாங்குவார்கள். உங்கள் கல்வி நிறுவனம் அனுமதித்தால் வாய்மொழி ஒப்புதலே இங்கே பொருத்தம். இடையில் எழுந்து போகலாம் என்பதையும் சொல்ல மறக்காதீர்கள்.

ஐந்தாம் படி: கழித்துப் பாருங்கள்

ஒருவர் தாராளமாக 5க்குக் கீழே போகவே மாட்டார். இன்னொருவர் கறாராக 4க்கு மேல் ஏறமாட்டார். ஆகவே ஒவ்வொருவருடைய எண்களிலிருந்தும் அவருடைய சொந்தச் சராசரியைக் கழித்து, அவருடைய திட்டவிலக்கத்தால் (எண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரவியிருக்கின்றன என்ற அளவால்) வகுத்து, இசட் மதிப்பெண்ணாக மாற்றுவது வழக்கம். இடைநிரப்பு வாக்கியங்களையும் சேர்த்தே அந்தச் சராசரியை எடுக்க வேண்டும். கருத்தை விளக்க, நான் இங்கே மாற்றாத எண்களையே, அதுவும் கற்பனை எண்களையே பயன்படுத்துகிறேன்.

அ 6.4, ஆ 5.6, இ 6.1, ஈ 2.8 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். 'என்று' வாக்கியத்தில் 'பாம்பை' முன்னே வந்ததற்கான செலவு 0.8, பெயரெச்சத் தொடரில் அதே நகர்வுக்கான செலவு 3.3. வேறுபாடுகளின் வேறுபாடு 2.5. நகர்வும் தொடரின் கனமும் தனித்தனியே விளக்காத மிச்சம் இதுதான். வரைபடமாகப் போட்டால் இரு கோடுகளில் ஒன்று மெல்லச் சரியும், மற்றது பள்ளத்தில் விழும். இப்போது வேறு எண்கள்: அ 6.0, ஆ 4.3, இ 4.9, ஈ 3.2. ஈ இங்கும் மோசமாகத்தான் இருக்கிறது. ஆனால் இரு செலவுகளும் 1.7, வேறுபாடு சுழி, கோடுகள் இணையாகச் செல்கின்றன. இங்கே தீவு இல்லை. ஈயை மட்டும் கேட்டவருக்கு இந்த இரண்டு நிலைகளுக்கும் வித்தியாசமே தெரிந்திருக்காது.

இதற்கு நேர்மாறும் நடக்கும். எல்லா வாக்கியங்களும் அளவுகோலின் மேல் பாதியிலேயே இருந்தும் கோடுகள் இணையாக இல்லாமல் போகலாம். டியோகோ அல்மெய்தா 2014இல் பிரேசில் போர்ச்சுகீசிய மொழியைப் பற்றி எழுதியபோது இத்தகைய, மேலோட்டமாகத் தெரியாத தீவு விளைவைப் பேசினார். எனவே 'மக்கள் ஏற்றுக்கொள்கிறார்கள்' என்பதும் 'தீவு இல்லை' என்பதும் ஒன்றல்ல.

புள்ளியியல் சோதனைக்கு ஆர் என்ற இலவச மென்பொருளும், அதில் கலப்பு விளைவு மாதிரிகளுக்கான எல்.எம்.இ.4 தொகுப்பும் போதும். நீங்கள் தேட வேண்டியது இரு காரணிகளின் இடைவினை, அதாவது மேலே பார்த்த வேறுபாடுகளின் வேறுபாடு. ஆளுக்கு ஆள், தொகுதிக்குத் தொகுதி தற்செயலாக வரும் வேறுபாடுகளையும் கணக்கில் எடுக்க, ஆட்கள், தொகுதிகள் இரண்டையும் தற்செயல் விளைவுகளாகச் சேர்க்க வேண்டும். வாக்கியங்களும் ஆட்களைப் போலவே ஒரு பெரிய கூட்டத்திலிருந்து எடுத்த மாதிரிதான் என்பதை ஹெர்பர்ட் கிளார்க் 1973லேயே வலியுறுத்தினார். சராசரியோடு நின்றுவிடவும் வேண்டாம். 3.5 என்ற சராசரி, எல்லாரும் நடுவில் குறித்ததாலும் வரும். பாதிப் பேர் 6, பாதிப் பேர் 1 என்று குறித்ததாலும் வரும். டேவ் குஷ், டெர்ஜே லோன்டால், ஸ்ப்ரவுஸ் மூவரும் 2018இல் நார்வேஜிய மொழியை ஆராய்ந்தபோது, சிலவகைத் தீவுகளில் ஆளுக்கு ஆள் இருக்கும் வேறுபாட்டைத் தனியாக எடுத்துப் பேச வேண்டியிருந்தது. வயதான தலைமுறையும் பர்மியம் மேலோங்கிய இளம் தலைமுறையும் ஒரே பட்டியலில் இருக்கும் நம் சோதனையில் இதைப் பார்க்காமல் விடுவது பெரிய இழப்பு.

ஆறாம் படி: கிடைத்ததற்குப் பொருள் சொல்லுதல்

இடைவினை கிடைத்துவிட்டால், தீவு விளைவு இருக்கிறது என்று எழுதலாம். அதற்குக் காரணம் இலக்கண விதி என்று உடனே எழுதிவிடக் கூடாது. இரண்டு சுமைகள் ஒரே நேரத்தில் வரும்போது செயல்நினைவு (கேட்டதைச் சற்று நேரம் மனத்தில் வைத்து வேலை செய்யும் நினைவு) தாங்காமல் போவதாலும் இதே வடிவம் வரலாம் என்பது ராபர்ட் க்ளூண்டரும் மார்த்தா கூட்டாஸும் 1993இல் முன்வைத்த வாதத்தின் சாரம். இரண்டாம் படியில் சொன்ன ஸ்ப்ரவுஸ் குழுவின் 2012 ஆய்வு இதை நேரடியாகச் சோதித்தது: 300க்கும் மேற்பட்டோரின் செயல்நினைவுத் திறனை அளந்து, திறன் கூடியவர்களுக்குத் தீவு விளைவு குறைகிறதா என்று பார்த்தது, அத்தகைய தொடர்பு கிடைக்கவில்லை என்றது. அதே ஆண்டு, அந்த ஆய்வு வெளிவந்த இதழிலேயே, பிலிப் ஹாஃப்மைஸ்டர், லாரா ஸ்டாம் கசாசாந்தோ, ஐவன் சாக் மூவரும் அந்தத் திறன் சோதனைகளே பொருத்தமற்றவை என்று மறுத்தார்கள். இந்த வழக்கு இன்னும் முடியவில்லை. என்னைப் பொறுத்தவரை, வெளியே போகும் சொல் முதலில் இருந்த இடத்துக்கு முன்பே வினை வந்துவிடும் மொழிகளை வைத்து நடந்த விவாதம் இது. பெயரெச்சம் பெயருக்கு முன்னால் வரும், வினை கடைசியில் வரும் தமிழ் போன்ற மொழிகளின் எண்கள் இதற்கு இன்னும் போதிய அளவில் வந்து சேரவில்லை.

'ஏன்' வாக்கியங்களைச் சோதிக்க விரும்புபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 'ஏன் அழுத பையனை மாலா பார்த்தாள்?' என்று கேட்டு மதிப்பிடச் சொன்னால் 7 கிடைக்கும்; ஏனென்றால் கேட்பவர் அதை மாலா பார்த்ததற்கான கேள்வியாக எடுத்துக்கொள்வார். அங்கே கேள்வியோடு விடையையும் சேர்த்துக் கொடுத்து, 'பசியால் அழுத பையனை' என்ற விடை அந்தக் கேள்விக்குப் பொருந்துகிறதா என்று மதிப்பிடச் சொல்ல வேண்டும்.

முதல் சோதனை முடிந்ததும், அதே ஆட்களிடம் இதே நான்கு வகையைப் பர்மியத்தில் அமைத்துக் கேட்டுப் பார்க்கலாம். அதற்குப் பர்மியத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவர் வாக்கியங்களைத் திருத்தித் தர வேண்டும். தமிழ் வாக்கியத்தைச் சொல்லுக்குச் சொல் மாற்றினால், முதல் படியில் சொன்ன அதே தவறு மறுபக்கமாக வந்து சேரும். இரு மொழிச் சோதனைகளுக்கும் இடையே சில வாரங்கள் விடுங்கள். பாதிப் பேர் தமிழில் தொடங்கட்டும், பாதிப் பேர் பர்மியத்தில் தொடங்கட்டும். முடிவுகளை எழுதும்போது 16 தொகுதிகளையும், இடைநிரப்பு வாக்கியங்களையும், சொன்ன அறிவுரையின் சொற்களையும் முழுமையாகப் பின்னிணைப்பில் சேருங்கள். பெயர் நீக்கிய எண்களையும் பிறர் பார்க்கக் கொடுங்கள்.